லிட்டருக்கு அரை கிலோமீட்டர்

ஆல்ஃபா ரோமியோ 159 பந்தயக் கார் ஒரு லிட்டர் எரிபொருளுக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர்தான் ஓடும். 1951இல் ஹுவான் மானுவல் ஃபாங்கியோவுக்கு முதல் உலக சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்த கார் அது. எஞ்சினின் கொள்ளளவு வெறும் ஒன்றரை லிட்டர். அதிலிருந்து 425 குதிரைத்திறனைப் பிழிந்தெடுத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. வரைபலகை, ஸ்லைடு ரூல், கடைசல் இயந்திரம், இவற்றோடு அனுபவம். அவ்வளவுதான் கையில் இருந்தது.

இத்தாலிய கிராண்ட் பிரீ கார் என்றதும் பலருக்கு ஃபெராரிதான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது ஆல்ஃபெட்டா என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்த 158, அதிலிருந்து வந்த 159 கார்கள்தான். வருடக்கணக்கில் இவற்றை யாராலும் தொட முடியவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் 1951 ஜூலை 14ஆம் தேதி சில்வர்ஸ்டோனில்தான் முதல் அடி விழுந்தது, அதுவும் ஒரு ஃபெராரியிடம். "ஃபெராரி இன்னும் சக்தி வாய்ந்த எஞ்சினைச் செய்துவிட்டார், ஆல்ஃபா தோற்றது" என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அன்று ஜெயித்த ஃபெராரி எஞ்சினுக்கு ஆல்ஃபாவைவிட சக்தி குறைவு. அது ஜெயித்தது எரிபொருள் கணக்கில். அந்தக் கணக்கு புரிய வேண்டுமென்றால் இரண்டு எஞ்சின்களுக்கும் கொஞ்சம் கிட்டப் போக வேண்டும்.

ஆல்ஃபெட்டா பிறந்த இடம் ஆல்ஃபாவின் மிலான் தொழிற்சாலை இல்லை. மோடெனாவில், என்ஸோ ஃபெராரியின் பட்டறையில் பிறந்தது. 1937இல் ஃபெராரிக்குச் சொந்தமாகக் கார் கம்பெனி கிடையாது. 1929இல் ஸ்குதேரியா ஃபெராரி என்ற அணியைத் தொடங்கி, ஆல்ஃபாவின் கார்களைப் பந்தயங்களில் இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் பெரிய கிராண்ட் பிரீக்கள் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டிருந்தன. நாஜி அரசின் பணமும் அவர்களுக்கு இருந்தது. 1935இல் நூர்பர்க்ரிங்கில் டாட்ஸியோ நுவொலாரி, வித்தோரியோ யானோ வடிவமைத்த பழைய பி3 ஆல்ஃபாவை ஓட்டி அத்தனை ஜெர்மன் கார்களையும் பின்னுக்குத் தள்ளினார். அது நுவொலாரியின் கைத்திறன். கார் அதற்குள் காலாவதி ஆகிவிட்டிருந்தது.

பெரிய பிரிவில் முட்டி மோதுவதைவிட ஒன்றரை லிட்டர் சூப்பர்சார்ஜர் கார்களின் சின்னப் பிரிவில் இறங்கலாம் என்று ஃபெராரி நினைத்தார். அதற்காக ஆல்ஃபாவிலிருந்து மோடெனாவுக்கு வந்தவர் ஜோவாக்கினோ கொலம்போ. யானோவிடம் தொழில் பழகியவர். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அவர் இரண்டு பக்கமும் வருவார்.

158 என்ற எண்ணில் 15 என்பது ஒன்றரை லிட்டர், 8 என்பது எட்டு சிலிண்டர். எட்டும் ஒரே வரிசையில். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 70 மில்லிமீட்டர். மொத்தம் 1479 சிசி. பிஸ்டன் சின்னதாக இருந்தால் எடை குறையும், எடை குறைந்தால் வேகமாகச் சுழல விடலாம், சூடும் சீக்கிரம் வெளியே போகும். சிலிண்டர் தலைக்கு மேல் இரண்டு கேம் ஷாஃப்ட். கியர்பாக்ஸை எஞ்சினோடு ஒட்டாமல் பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியலோடு சேர்த்து வைத்தார் கொலம்போ. முன்னால் நீளமான எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ் என்று எடை இரண்டு பக்கமும் பிரிந்து நின்றது.

1938 ஆகஸ்ட் 7ஆம் தேதி லிவோர்னோவில் முதல் பந்தயம். எமிலியோ வில்லொரேசி ஓட்டினார், ஜெயித்தார். அப்போது எஞ்சினின் சக்தி 195 குதிரைத்திறன். அதே எமிலியோ அடுத்த வருடம் மோன்ஸாவில் இந்தக் காரைச் சோதித்து ஓட்டியபோது விபத்தில் இறந்துபோனார். அவருடைய அண்ணன் லூயிஜியும் பந்தய ஓட்டுநர்தான். அவரும் பின்னால் வருவார்.

நடுவில், அப்போது இத்தாலியின் கையில் இருந்த லிபியாவின் டிரிப்போலி பந்தயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1939இல் அந்தப் பந்தயத்தை ஒன்றரை லிட்டர் கார்களுக்கு மட்டும் என்று இத்தாலியர்கள் மாற்றினார்கள். ஜெர்மானியர்களிடம் அந்த அளவில் காரே இல்லை, ஆகவே நமக்குத்தான் வெற்றி என்பது கணக்கு. மெர்சிடிஸ் சில மாதங்களுக்குள், வெளியே மூச்சு விடாமல், ஒன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு புத்தம் புதிய கார்களைச் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அதன் ஓட்டுநர்கள் ஹெர்மன் லாங் முதல் இடம், காராச்சியோலா இரண்டாம் இடம். அந்த அடிதான் ஆல்ஃபெட்டாவை உண்மையிலேயே நல்ல காராக்கியது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு எஞ்சினைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தார்கள்.

பிறகு போர். மிலானில் ஆல்ஃபாவின் போர்ட்டெல்லோ தொழிற்சாலை மேல் குண்டு விழுந்தது. ஆல்ஃபெட்டாக்களை நகருக்கு வெளியே கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து அவற்றை வெளியே எடுத்தபோது விதிமுறையே மாறிவிட்டிருந்தது. கிராண்ட் பிரீயின் உச்சப் பிரிவுக்குப் புதிய அளவு: சூப்பர்சார்ஜர் இருந்தால் ஒன்றரை லிட்டர், இல்லாவிட்டால் நாலரை லிட்டர். ஜெர்மானியர்கள் களத்திலேயே இல்லை. சின்னப் பிரிவுக்காகச் செய்த கார் உட்கார்ந்த இடத்திலேயே உச்சப் பிரிவின் கார் ஆகிவிட்டது.

இனி சூப்பர்சார்ஜர். ஆல்ஃபெட்டாவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் காற்று உள்ளே வரும். எவ்வளவு வரும் என்பதற்கு வளிமண்டல அழுத்தமே எல்லை. சூப்பர்சார்ஜர் இருந்தால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கலாம். அதிகக் காற்று வந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். ஆல்ஃபெட்டாவில் இருந்தது ரூட்ஸ் வகை: ஒரு கூட்டுக்குள் ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு உருளைகள். போருக்கு முன்னால் ஒன்று இருந்தது. போருக்குப் பின்னால் இரண்டு வைத்தார்கள். பெரியது முதலில் காற்றை அழுத்தும். அது அழுத்தியதைச் சின்னது வாங்கி இன்னொரு முறை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். இரண்டையும் சுழற்றுவது கிராங்க் ஷாஃப்ட்தான். ஆகவே எஞ்சின் உண்டாக்கும் சக்தியில் ஒரு பெரிய பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். எஞ்சினிலிருந்து வெளியே வரும் 425, அந்தப் பங்கு போக மிச்சம்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்ப்பின் அடிப்பகுதி கையைச் சுடும். ஆல்ஃபெட்டாவில் இரண்டு முறை அழுத்திய காற்று கொதிக்கக் கொதிக்க உள்ளே போனால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டனில் ஓட்டை விழும். இன்றைய டர்போ கார்களில் காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் இருக்கிறது. ஆல்ஃபெட்டாவில் அந்த வேலையைச் செய்தது எரிபொருள்தான். பெட்ரோலுக்குப் பதில் பெரும்பாலும் மெத்தனால். கார்புரேட்டரில் காற்றோடு கலந்து, சூப்பர்சார்ஜர்கள் வழியாகப் போகும் பாதை முழுவதும் அது ஆவியாகிக்கொண்டே போகும். ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தும் சுற்றியிருக்கும் உலோகத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். எரிவதற்குத் தேவையானதைவிடத் தாராளமாகவே ஊற்றினார்கள். எரிந்தது போக மிச்சம், சிலிண்டருக்குள் சூட்டைத் தணித்துவிட்டுப் புகைக்குழாய் வழியாக வெளியே போனது. போதாததற்கு, ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மெத்தனால் வேண்டும்.

லிட்டருக்கு அரை கிலோமீட்டர் என்பது இப்படித்தான் வந்தது. 1938இல் 195 குதிரைத்திறன், 1950இல் 350, 1951இல் நிமிடத்துக்கு 9300 சுழற்சியில் 425. சிலிண்டரின் அளவு கடைசி வரை அதே 58க்கு 70தான். கூடியதெல்லாம் அழுத்தம். அழுத்தம் கூடக் கூடச் சூடு கூடியது, சூட்டைத் தணிக்க மெத்தனால் கூடியது, மெத்தனாலைச் சுமக்க டாங்க் பெரிதானது. கடைசியில் ஏறக்குறைய 300 லிட்டர் வரை போனது. அதன் எடை மட்டும் 240 கிலோ. காரே 700 கிலோ அளவுதான். டாங்க் நிறைந்திருக்கும்போது ஒரு காராகவும், காலியாகும்போது வேறொரு காராகவும் அது நடந்துகொள்ளும். இதையெல்லாம் ஃபாங்கியோவைப் போன்ற ஒருவர் சமாளிக்கலாம். டயரால் முடியாது.

1947இலும் 1948இலும் ஆல்ஃபா இறங்கிய இடமெல்லாம் அதற்குத்தான். ஆனால் அடுத்தடுத்து மூன்று ஓட்டுநர்களை அது இழந்தது. 1948இல் சுவிட்சர்லாந்தின் பிரெம்கார்டனில் பயிற்சி ஓட்டத்தின்போது அக்கீலே வார்ஸி ஆல்ஃபெட்டாவிலேயே இறந்தார். 1949 ஜனவரியில் ஜான்-பியேர் விமீய் புவெனஸ் அயர்ஸில் வேறொரு காரில் பயிற்சி எடுத்தபோது இறந்தார். கோமகன் த்ரோஸ்ஸியை அதே வருடம் நோய் கொண்டுபோனது. ஒரு வருடம் ஆல்ஃபா பந்தயத்துக்கே வரவில்லை. 1950இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது ஃபரீனா, ஃபாங்கியோ, ஃபாஜியோலி என்ற மூவரோடு திரும்பி வந்தது. மே 13ஆம் தேதி சில்வர்ஸ்டோனில் நடந்த முதல் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ஆல்ஃபாவுக்கு. அந்த வருடம் ஐரோப்பாவில் நடந்த ஆறு சாம்பியன்ஷிப் பந்தயங்களையும் ஆல்ஃபாவே ஜெயித்தது. ஃபரீனா முதல் உலக சாம்பியன் ஆனார். வடிவமைத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆன காரில்!

இப்போது ஃபெராரியின் பக்கம். 1938இல் ஆல்ஃபா தன் பந்தய வேலைகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மோடெனாவிலிருந்த ஆல்ஃபெட்டாக்களும் மிலானுக்குப் போயின. ஃபெராரி அங்கே சம்பளக்கார மேலாளர். வில்ஃப்ரெடோ ரிகார்ட் என்ற ஸ்பானியப் பொறியாளரோடு ஒத்துவரவில்லை. 1939இல் வெளியேறினார், நான்கு வருடம் தன் பெயரில் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. போர் முடிந்ததும் மரனெல்லோவில் கார் செய்ய முடிவெடுத்தபோது அவர் கூப்பிட்டது கொலம்போவைத்தான். கொலம்போ வரைந்து கொடுத்தது ஒன்றரை லிட்டர் வி12. அதில் சூப்பர்சார்ஜர் வைத்து 1948இல் கிராண்ட் பிரீயில் இறக்கினார்கள். ஆல்ஃபாவின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. ஆல்ஃபா பத்து வருடமாக நடந்து தேய்த்த பாதையில் பின்னாலேயே போய் அதை முந்த நினைத்தால் எப்படி நடக்கும்?

1949 பெல்ஜிய கிராண்ட் பிரீயில் வேறு பாதை தெரிந்தது. ஸ்பா பந்தயத்தில் லூயி ரோசியே என்ற பிரெஞ்சுக்காரர் நாலரை லிட்டர் டால்போ காரை ஓட்டினார். கனமான, வேகம் குறைந்த கார், சூப்பர்சார்ஜர் கிடையாது. ஃபெராரிகள் எரிபொருளுக்காக நிற்க, ரோசியே நிற்காமலே ஓட்டி ஜெயித்துவிட்டார்.

மரனெல்லோவில் இதை வைத்து வாதாடியவர் அவுரேலியோ லம்பிரெடி. ஆல்ஃபெட்டா முதன்முதலில் ஜெயித்த அதே லிவோர்னோவில் பிறந்தவர், விமான எஞ்சின் வேலையிலிருந்து வந்தவர், முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சூப்பர்சார்ஜரையே எடுத்துவிடுவோம், விதி நாலரை லிட்டர் வரை இடம் தருகிறதே, முழுசாக அதைப் பயன்படுத்துவோம் என்றார். ஃபெராரி அவர் பக்கம் சாய்ந்தார். கொலம்போ விலகி ஆல்ஃபாவுக்கே திரும்பிப் போய்விட்டார். தான் பெற்ற ஆல்ஃபெட்டாவைக் கடைசி வருடத்தில் பராமரித்தவர்களில் அவரும் ஒருவர்.

லம்பிரெடி ஒரேயடியாக நாலரை லிட்டருக்குப் போகவில்லை. 1950இல் முதலில் 3.3 லிட்டர், பிறகு 4.1, செப்டம்பரில் மோன்ஸாவுக்கு வரும்போது நாலரை. ஒவ்வொரு படியையும் பந்தயத்தில் ஓட்டிப் பார்த்தார். 375 என்று அந்தக் காருக்குப் பெயர் வந்தது ஒரு சிலிண்டரின் கொள்ளளவால். விட்டம் 80, ஏற்ற இறக்கம் 74.5 மில்லிமீட்டர், பன்னிரண்டு சிலிண்டர். இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்தது சிலிண்டர் குழாய்களைப் பொருத்திய விதம். வழக்கமாகத் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் இருக்கும். கடுமையாக ஓட்டினால் முதலில் கிழிவது அதுதான். லம்பிரெடி ஒவ்வொரு குழாயின் மேல்நுனியிலும் மரை வெட்டி, அதைத் தலைப்பகுதிக்குள்ளேயே முறுக்கி இறுக்கினார். கிழிவதற்குக் கேஸ்கட்டே இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேம் ஷாஃப்ட். சக்தி 350 குதிரைத்திறன் சுமார், பின்னால் சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தபோது 380 வரை. ஆல்ஃபாவோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் காற்றை அழுத்தவும் வேண்டாம், எரிபொருளை ஊற்றிக் குளிரவைக்கவும் வேண்டாம்.

1951 மே மாதம் பிரெம்கார்டன் மழையில் ஃபாங்கியோ ஜெயித்தார், ஆனால் இரண்டாம் இடத்தில் ஃபெராரியோடு தருஃபி வந்து நின்றார். பிரான்ஸின் ரேம்ஸில் இன்னும் மோசம். ஃபாங்கியோவின் கார் கோளாறானதும், ஃபாஜியோலியை நிறுத்தி அவருடைய காரை வாங்கி ஃபாங்கியோவிடம் கொடுத்தார்கள். அந்தக் காரில்தான் வெற்றி. ஐம்பத்து மூன்று வயது ஃபாஜியோலி அதோடு கிராண்ட் பிரீயை விட்டே போய்விட்டார். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆல்ஃபா எவ்வளவு பதறிப்போயிருந்தது என்பதும் அதில் தெரிகிறது.

அடுத்தது சில்வர்ஸ்டோன். ஃபெராரிக்காக ஓட்டிய ஹோசே ஃப்ராய்லான் கொன்ஸாலஸ், அர்ஜென்டினாவின் அரெசிஃபெஸ் ஊர்க்காரர், ஃபாங்கியோவின் நாட்டுக்காரர், நண்பர். பருமனான உடம்பு. வளைவில் காரோடு மல்லுக்கட்டுவதைப் பழைய படங்களில் பார்க்கலாம். அவருக்குக் கொடுத்தது சிலிண்டருக்கு ஒரே பிளக் கொண்ட பழைய 375. அதிலேயே தகுதிச் சுற்றில் 1 நிமிடம் 43.4 விநாடி எடுத்தார். மணிக்கு 162 கிலோமீட்டர் சராசரி, அந்தத் தடத்தில் நூறு மைல் சராசரியைத் தாண்டிய முதல் ஆள். ஃபாங்கியோ சரியாக ஒரு விநாடி பின்னால்.

பந்தயம் 90 சுற்று, 418 கிலோமீட்டர். கொன்ஸாலஸும் ஃபாங்கியோவும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மற்றவர்களை விட்டு எங்கோ போய்விட்டார்கள். ஃபாங்கியோ பிட்டுக்கு வந்தால் டாங்க் நிரம்பும் வரை நிற்க வேண்டும், நிரப்பிய பாரத்தையும் சுமந்துகொண்டு போக வேண்டும். தடத்தில் சம்பாதித்த விநாடிகளெல்லாம் அந்த நிறுத்தத்தில் கரைந்துபோயின. பிட்டுக்கு வந்த கொன்ஸாலஸ், அணியின் முதல் ஓட்டுநர் அஸ்காரியின் கார் கியர்பாக்ஸ் போய் நின்றிருப்பதைப் பார்த்துத் தன் காரை அவருக்குத் தர எழுந்தார். அந்தக் கால வழக்கம் அது. அஸ்காரி வாங்க மறுத்து, நீயே போ என்று அனுப்பிவிட்டார். ரேம்ஸில் ஃபாஜியோலிக்கு நடந்ததைச் சொன்னேனே, அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்தது இது. ஃபெராரிக்குக் கிடைத்த சின்ன எரிபொருள் நிறுத்தமே போதுமானதாக இருந்தது. கொன்ஸாலஸ் 51 விநாடி முன்னால் கொடியைத் தாண்டினார். உலக சாம்பியன்ஷிப்பில் ஃபெராரியின் முதல் வெற்றி. மூன்றாம் இடத்தில் இன்னொரு ஃபெராரி, ஓட்டியவர் லூயிஜி வில்லொரேசி. ஆல்ஃபெட்டாவின் முதல் பந்தயத்தை ஜெயித்து, அதே காரில் உயிரை விட்ட எமிலியோவின் அண்ணன்.

ஆல்ஃபாவைத் தோற்கடித்த அன்று தாயைக் கொன்றுவிட்டதுபோல் அழுததாக என்ஸோ ஃபெராரி தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு நாடகத்தனம் அதிகம் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் முழுசாக நம்புகிறேன். அந்த எஞ்சின் அவருடைய பட்டறையில் பிறந்தது.

நூர்பர்க்ரிங்கிலும் மோன்ஸாவிலும் அஸ்காரி ஜெயித்தார். பட்டம் பார்சலோனாவின் பெட்ரால்பெஸ் வீதிகளில் அக்டோபர் 28ஆம் தேதி முடிவாக வேண்டியிருந்தது. அங்கே ஃபெராரி வழக்கத்தைவிடச் சின்னதாக 16 அங்குலப் பின்சக்கரங்களைப் போட்டது. டயர்களின் மேல்தோல் உரிந்து பறந்தது, அஸ்காரி திரும்பத் திரும்ப பிட்டுக்கு வர வேண்டியதாயிற்று. ஃபாங்கியோ ஜெயித்தார், சாம்பியன் ஆனார். ஆல்ஃபெட்டாவின் கடைசிப் பட்டம் எதிராளியின் டயர் தவறால் வந்தது என்பதை ஆல்ஃபா ரசிகனாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வருடத்தோடு ஆல்ஃபா ஒதுங்கிக்கொண்டது. புதிய காருக்குப் பணம் இல்லை. இருந்த எஞ்சினில் இனிப் பிழிய எதுவும் இல்லை.

பழைய படங்களை ஒலியோடு பார்த்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும். ஆல்ஃபாவில் எட்டு சிலிண்டரின் உறுமலுக்கு மேல் சூப்பர்சார்ஜரின் கூர்மையான ஓலம். 375இல் அந்த ஓலமே கிடையாது, பன்னிரண்டு சிலிண்டர் மட்டும். எனக்கு ஆல்ஃபாவின் சத்தம்தான் பிடிக்கும். மிலான் பக்கம் போகிறவர்கள் அரேஸேவில் இருக்கும் ஆல்ஃபா ரோமியோ அருங்காட்சியகத்தில் 159ஐப் பார்க்கலாம்.

ஆல்ஃபா போனதும் ஃபெராரியை எதிர்க்க ஆளில்லாமல் ஆனது. 1952இலும் 1953இலும் உலக சாம்பியன்ஷிப்பையே இரண்டு லிட்டர் கார்களுக்கு மாற்றிவிட்டார்கள். லம்பிரெடி அதற்குள் வேறொரு எஞ்சினைத் தயாராக வைத்திருந்தார்: பன்னிரண்டு சிலிண்டர் வேண்டாம், நாலே நாலு போதும் என்று முடிவு செய்து வரைந்தது. அதை வைத்து அஸ்காரி இரண்டு வருடமும் சாம்பியன் ஆனார். வி12 கம்பெனி என்று பெயரெடுத்த மரனெல்லோவில் ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின் எப்படி வந்தது என்பதைத் தனியாகவே எழுத வேண்டும், அடுத்த பதிவு அதுதான்.